அடுப்புக்கு மேல் கட்டிய கம்பி

காலையில் சமையலறையில் கம்பளி பொசுங்கும் வாடை அடித்தது. கேஸ் அடுப்புக்கு மேலே கம்பி கட்டி, மகனின் ஸ்வெட்டரைக் காயப் போட்டிருந்தாள் என் மனைவி.

"மழ நிக்கவே இல்ல லா. வேற எங்க காயும்?"

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் தேயிலைத் தோட்டத்து லைன் வீடுகளிலும் இதையேதான் சொன்னார்கள். வீட்டுக்கு வீடு விறகடுப்புக்கு மேலே கம்பி. எல்லாம் பலகை வீடுகள், ஒரே தகரக் கூரை. ஒரு பகலில் கடைசி வீட்டுக் கம்பியிலிருந்து சட்டை அடுப்பில் விழுந்தது. கொழுந்து பறிக்கப் போனவர்கள் ஓடி வருவதற்குள் இரண்டு வீடுகள் எரிந்துவிட்டன. குழாயில் தண்ணீர் நூலாக வந்தது. தீயணைப்பு லோரி மலையேறி வர நேரமாகும்.

அடுத்திருந்த எங்கள் வீட்டுக்குள்ளிருந்து அம்மா பாராங் கத்தியோடு வந்தாள்.

"தண்ணி ஊத்தி என்னத்தக் கிழிச்சீங்க? என் வீட்ட இடிங்க. எடவெளி விட்டாத்தான் மத்த வீடு தப்பிக்கும்."

"பைத்தியமா ஒனக்கு? ஒன் வீடு இன்னும் எரியலயே!" என்றார் கங்காணி.

"எரிஞ்சப்புறம் என்னத்த இடிக்கிறது?"

முதல் வெட்டை அவளே போட்டாள். இடித்த எங்கள் வீட்டோடு தீ நின்றது. தப்பித்தவர்கள் எங்களுக்குச் சோறும் போர்வையும் கொடுத்தார்கள். துணி காயவில்லை என்று மறுவாரமே அடுப்புக்கு மேல் மறுபடியும் கம்பி கட்டினார்கள். அம்மா வீடு வீடாக நுழைந்து அத்தனையையும் அறுத்தெறிந்தாள். திட்டினார்கள். அவள் நிறுத்தவில்லை.

இப்போது நான் கம்பி வெட்டும் குறடு ஒன்றை எடுத்தேன்.

"ஐயோ, பிள்ள எதப் போட்டுக்கிட்டு ஸ்கூலுக்குப் போவான்?" என்றாள் மனைவி.

"என் ஸ்வெட்டரப் போட்டுக்கிட்டு."

"தொளதொளன்னு இருக்குமே!"

"இருக்கட்டும்," என்று கம்பியை அறுத்தேன்.