நீர்மூழ்கிக்குக் கறை வைத்த ஞாயிறுகள்

எனக்குத் தொழில் பல் செய்வது. தில்லை நகரில் ஒரு பல் லேப்பில் முப்பது வருஷமாகப் பீங்கான் பொடியைக் குழைத்துப் பல் கட்டிக்கொண்டிருக்கிறேன். வெள்ளைப் பல் செய்வதில் ஒரு சாமர்த்தியமும் கிடையாது. ஐம்பது வயதுக்காரர் வாயில் அது ஐம்பது வயதுப் பல்லாகத் தெரிய வேண்டும். காப்பி குடித்த பழுப்பு, ஓரத்தில் மயிரிழை போல ஒரு வெடிப்பு, பள்ளத்தில் துளி கறை. அந்தக் கறையை வைக்கத்தான் எனக்குச் சம்பளம். அதனால் ஒரு பிளாஸ்டிக் நீர்மூழ்கிக் கப்பலுக்கு நான் பெயின்ட் அடித்து, பிறகு உட்கார்ந்து அழுக்கேற்றியதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை.

பாகம் பாகமாக ஒட்டிச் சேர்க்க வேண்டிய அந்தப் பொம்மைக் கப்பல் பெட்டியை என் மகள் ஆன்லைனில் வாங்கி அவள் அப்பாவுக்கு அனுப்பியிருந்தாள். என் வீட்டுக்காரர் கடற்படையில் நீர்மூழ்கியில் இன்ஜின் பார்த்தவர். பிறந்தது வையம்பட்டிப் பக்கம். ஆறில்லாத ஊர், கிணற்றில் நீந்தும் அளவுக்குத் தண்ணீர் நின்றால் அது நல்ல வருஷம். அங்கிருந்து கிளம்பிப் போய்க் கடலுக்கு அடியில் உட்கார்ந்தார். ஓய்வு பெற்று, ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் ரோட்டில் இந்த வீட்டுக்கு வந்த சில வருஷத்தில் கை நடுக்கம் வந்துவிட்டது. விரலுக்கு வேலை கொடுங்கள் என்று டாக்டர் சொன்னதை மகளிடம் நான்தான் போனில் சொன்னேன். நாலாம் நாள் பெட்டி வந்தது.

இந்த மகளுக்கு முன்னால் எங்களுக்கு ஒரு பெண் பிறந்தாள். ஒன்பது நாள் இருந்தாள். அப்போது அவர் தண்ணீருக்கு அடியில், எந்தக் கடல் என்றுகூட எனக்குச் சொல்லக்கூடாது. எல்லாம் முடிந்து ஐம்பது நாள் கழித்து வீட்டுக்கு வந்தார். பையை வைத்தார், குளித்தார், என் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தார், பிறகு எழுந்துபோய்ச் சொட்டிக்கொண்டிருந்த குழாயைச் சரிசெய்தார். கரைக்கு வந்த பிறகுதான் எனக்கே தெரியும் என்று ஒரு வார்த்தை சொன்னார். குழந்தை யாரைப் போல இருந்தது என்று கேட்கவில்லை. அன்றும் இல்லை, அதற்குப் பிறகும் இல்லை. போட்டோ எதுவும் எடுத்திருக்கவில்லை. அந்த முகம் என்னிடம் மட்டும்தான் இருக்கிறது. நான் போனால் அதுவும் போய்விடும். அவராகக் கேட்டால்தான் சொல்வேன் என்று வைராக்கியமாக இருந்தேன். இருபத்தெட்டு வருஷம் இருந்தேன்.

கல்லுளிமங்கன் என்று என் அம்மா அவருக்குப் பெயர் வைத்திருந்தாள். தப்பில்லை.

ஆனி மாசம் ஆரம்பித்தோம். ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு ஆனதும் மேஜை மேல் பழைய பேப்பரை விரிப்போம். பெரிய பாகங்களை அவர் ஒட்டினார். அதற்கே ஒரு மாசம் ஆனது. பசை விரலோடு வந்துவிடும், நான் வாயைத் திறக்காமல் துடைத்துக் கொடுப்பேன். பெயின்ட் டப்பாவைத் திறந்த அன்று பிரஷ் அவர் கையில் நிற்கவில்லை. மூன்று தடவை முயன்று பார்த்துவிட்டு, பிரஷை என் பக்கம் நகர்த்திவைத்தார். கேட்கவும் இல்லை, கொடுக்கவும் இல்லை, சும்மா நகர்த்தினார்.

மேல்பாதிக்குக் கறுப்பு, கீழ்ப்பாதிக்கு மங்கல் சிவப்பு. மெல்லிசாக இரண்டு பூச்சு. எங்கள் வீட்டில் ஜன்னல் திரை பச்சை. மத்தியான வெயில் அதில் நுழைந்து அறை முழுவதும் கலங்கிய பச்சையாகப் பரவும். ஆற்றுக் காற்றில் திரை உப்பித் தணியும். ஃபேன் சுற்றும் நிழல் மேஜை மேல் மெதுவாகப் போய்க்கொண்டே இருக்கும். அரைத் தூக்கத்தில் பிரஷை இழுக்கும்போது நாங்கள் இரண்டு பேரும் ஆழத்தில் எங்கேயோ உட்கார்ந்திருப்பதாகத் தோன்றும். தூரத்தில் பாலத்தில் ரயில் போவது நம் தலைக்கு மேலே போவது போல இருக்கும். அவர் நாற்காலியிலேயே கண்ணயர்ந்துவிடுவார். தூங்கும்போது அந்தக் கை நடுங்காது. நான் பெயின்ட் அடிப்பதை நிறுத்திவிட்டு அதைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

கறுப்பு காய்ந்ததும் கப்பல் பளபளவென்று நின்றது. அசட்டுத்தனமாக இருந்தது, கடையில் வாங்கிய பல் மாதிரி. அழுக்கேற்ற வேண்டும் என்றேன். உன் இஷ்டம் என்றார்.

பழுப்பையும் கறுப்பையும் தண்ணீராகக் கரைத்து இடுக்குகளில் தொட்டால் போதும், அதுவே கோடு பிடித்து ஓடும். அது ஓடுவதைப் பார்ப்பது ஒரு சுகம். என் கை பழகிய இடத்துக்குத்தான் போயிற்று. பல்லில் ஈறு தொடும் ஓரத்தில்தான் கறை படியும். நானும் ஒவ்வொரு மூட்டுக்கும் ஓரத்துக்கும் அதே பழுப்பை வைத்து, நடுவில் கொஞ்சம் சிவப்பும் தேய்த்துவிட்டேன். எழுந்து நின்று பார்த்தால் எனக்கே திக்கென்றது. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"வெத்தலை போடுற வாய் மாதிரி இருக்கே," என்றார்.

சிரித்தார். அந்த வருஷத்தில் அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். துணியைத் தின்னரில் நனைத்து எல்லாவற்றையும் துடைத்தேன். கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது.

தண்ணீர் எப்படிக் கறை வைக்கும் என்று பார்க்க அடுத்த ஞாயிறு காலையில் அம்மா மண்டபம் படித்துறைக்குப் போனேன். திதி கொடுக்க வந்தவர்கள், குளிப்பவர்கள், வாழையிலை, எள்ளு, எல்லாவற்றுக்கும் நடுவில் நான் படிக்கட்டைக் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றேன். எதையாவது தொலைத்துவிட்டீர்களா என்று ஒரு அம்மாள் கேட்டாள். கறை பார்க்கிறேன் என்றா சொல்ல முடியும்? மோதிரம் என்றேன். பாவம், அவளும் கூட நின்று தேடினாள். படிக்குப் படி நேர்கோடாகப் பாசிப் பச்சையும் வண்டல் மண் நிறமும் மாறி மாறி இருந்தன. வீட்டுக்கு வந்து, கப்பலின் இடுப்பில் அதே கோடுகளை வரிசையாக வைத்தேன். எனக்கு அழகாகத்தான் இருந்தது.

அவர் ஒத்துக்கொள்ளவில்லை. ஆறு இறங்கும்போது நின்று நின்று கோடு போடும், கடல் அலைந்துகொண்டே இருக்கும், அதில் கோடு நிற்காது, வெள்ளையாக உப்புதான் பூக்கும் என்றார். சாக்பீஸைப் பொடித்து ஈரப் பிரஷால் தொட்டுக் கோடுகளை அழித்தேன். துருவுக்குச் செங்கல் பொடி. துரு எங்கே இருக்கும் என்று கேட்டால் உதட்டைப் பிதுக்கினார். நங்கூரத்துக்குக் கீழே? தெரியாது. பின்னால் சுக்கான் பக்கம்? இருக்கலாம். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. இத்தனை வருஷம் இருந்த கப்பலைப் பார்த்ததே இல்லையா என்று கேட்டேன். நான் இன்ஜின் ரூம், உள்ளே போனால் உள்ளேதான், வெளிப்பக்கம் பெயின்டருக்குத்தான் தெரியும் என்றார்.

நியாயம்தான். அவர் அப்படிச் சொன்னதால்தான் அடுத்து நடந்தது எனக்கு விசித்திரமாக இருந்தது.

புரட்டாசி கடைசி ஞாயிறு. எல்லாம் முடிந்து, மேலே மங்கல் வார்னிஷ் அடிப்பதுதான் பாக்கி. அதை அடித்துவிட்டால் அப்புறம் கை வைக்க முடியாது. டப்பாவைக் குலுக்கிக்கொண்டிருந்தேன். அவர் கையை நீட்டித் தடுத்தார். கப்பலின் முதுகில் செங்குத்தாக நிற்கும் பாகத்தைக் கடற்படையில் ஃபின் என்பார்கள். அதன் உச்சியில் ஆள் ஏறி நிற்க ஒரு சின்னக் குழி. அந்தக் குழியின் உட்சுவரில், வலது பக்கம், ஒரு கீறல் வைக்க வேண்டும் என்றார். கறுப்பு உதிர்ந்து உள்ளே இருக்கும் சிவப்புப் பூச்சு தெரியும் கீறல். எவ்வளவு பெரிசு என்று கேட்டேன். கட்டைவிரல் நகத்தைக் காட்டினார்.

நிஜக் கப்பலில் நகம் அளவு என்றால் இதில் தூசிக்குச் சமானம். லென்ஸ் வைத்தாலும் தெரியாது, யார் பார்க்கப்போகிறார்கள் என்றேன்.

"தெரிய வேணாம். இருந்தா போதும்."

வெளிப்பக்கமே தெரியாது என்றவருக்கு இது மட்டும் வலது பக்கம் என்பது வரைக்கும் எப்படித் தெரியும்? என்னவென்று சொன்னால்தான் வைப்பேன் என்று டப்பாவைக் கீழே வைத்தேன். அவர் திரையைப் பார்த்தார். வழக்கம்போல எழுந்து போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். போகவில்லை.

"ஒருநாள் கப்பல் மேல வந்தப்ப என்னைக் கூப்பிட்டாங்க. இன்ஜின் ரூம்காரனை மேல கூப்பிட மாட்டாங்க. ஏறிப் போனா கையில ஒரு சீட்டு குடுத்தாங்க. ரெண்டு வரி. பொண்ணு பொறந்துச்சுன்னு ஒண்ணு. இல்லைன்னு ஒண்ணு."

குனிந்து அந்தக் குழியைப் பார்த்தார்.

"எதிர்ல இந்தக் கீறல் இருந்துச்சு. எறங்கச் சொல்ற வரைக்கும் அதையேதான் பாத்துக்கிட்டு நின்னேன்."

பிறகு கீழே இறங்கினார், கப்பல் மூழ்கியது, அங்கிருந்து பதில் எதுவும் அனுப்ப முடியாது, கரை வர இன்னும் ஒரு மாசம் ஆனது. இதையும் அவர்தான் துண்டு துண்டாகச் சொன்னார். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நான் பால் கட்டிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்த நாட்களில் ஒரு மாசம் முழுக்க இவருக்குத் தெரிந்திருக்கிறது. கரைக்கு வந்த பிறகுதான் தெரியும் என்று எதற்குச் சொன்னீர்கள் என்று கேட்டேன். என் குரல் உயர்ந்துதான் இருந்தது.

"தெரிஞ்சும் ஒரு மாசம் இன்ஜினுக்கு எண்ணெய் போட்டுக்கிட்டு இருந்தேன்னு உங்கிட்ட எப்படிச் சொல்றது?"

எனக்குச் சண்டை போட வேண்டும் போலவும் இருந்தது, அவர் தலையை இழுத்து மடியில் வைத்துக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. கைப்பையைத் திறந்து லேப் பிரஷை எடுத்தேன். பல்லின் பள்ளத்தில் கறை வைப்பதற்கென்று இருப்பது, நுனியில் நாலைந்து மயிர்தான். நெற்றியில் லென்ஸை மாட்டினேன். சிவப்பைத் தொட்டு, அதிகமானதைப் பேப்பரில் துடைத்து, மூச்சை அடக்கி, குழியின் உட்சுவரில் ஒரே ஒரு தடவை தொட்டேன். லென்ஸை அவர் பக்கம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை. தெரியும் என்கிற மாதிரி தலையாட்டினார்.

வார்னிஷ் அடித்தேன். ஈரம் காய்ந்து மங்குவதை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். திரை உப்பித் தணிந்துகொண்டிருந்தது. அவர் கேட்கமாட்டார் என்று அப்போது எனக்குப் புரிந்தது. கல்நெஞ்சால் இல்லை. கேட்டால் அந்தச் சீட்டில் இருந்த இரண்டு வரி ஒரு பிள்ளையாகிவிடும். அந்த பயத்தைப் போய் நான் இருபத்தெட்டு வருஷமாக எனக்கு எதிரான அலட்சியம் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். என் வைராக்கியத்தில் இடிதான் விழ வேண்டும்.

"நீங்க கேக்க வேணாம். நானே சொல்றேன்," என்றேன்.

உங்கள் காது என்றேன். மடல் ஒட்டிக்கொண்டு, அப்படியே உங்கள் காது. கால் இரண்டாவது விரல் மட்டும் நீளம், அது என்னுடையது. கொட்டாவி விட்டால் மூக்கைச் சுருக்குவாள். ஐந்தாம் நாள் என் விரலைப் பிடித்தாள், பிடித்தால் விடமாட்டாள், நர்ஸ் வந்துதான் பிரித்தாள். நிறுத்தாமல் சொன்னேன். ஒன்பது நாளுக்கு எவ்வளவு இருக்கும்? சொல்லச் சொல்ல வந்துகொண்டே இருந்தது. அவர் கண்ணை மூடிக் கேட்டார். எல்லாம் சொல்லி முடித்த பிறகு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

"முடி இருந்துச்சா?"

"நெறைய இருந்துச்சுங்க," என்றேன். "குளிப்பாட்டினா நெத்தியில ஒட்டிக்கும்."