இரவல் இங்கிலீஷ்

இலங்கையின் கித்துல்கலவில், களனி ஆற்றில் ரப்பர் படகு விடுகிற கைடுகள் ஐம்பது அறுபது பேராவது இருப்பார்கள். அத்தனை பேரிலும் இங்கிலீஷ் தெரிந்தவன் தான் ஒருவன்தான் என்று கஜேந்திரன் நினைத்திருந்தான். மற்றவர்கள் பேசுவது இங்கிலீஷே இல்லையாம், வெறும் சத்தமாம். எட்டு வருஷமாக அவனுக்கு இந்த மண்டைக்கனம். இருந்துவிட்டுப் போகட்டும், யாருக்குத்தான் இல்லை? ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. அவன் பேசிய இங்கிலீஷில் ஒரு துளிகூட அவனுடையது இல்லை.

விஷயம் இதுதான். படகில் யார் ஏறுகிறார்களோ, அவர்கள் பேசுகிற விதம் ஐந்தே நிமிஷத்தில் கஜேந்திரனின் வாயில் வந்து குந்திவிடும். ஆஸ்திரேலியாக்காரன் ஏறினால் இவன் 'டே' என்பதை 'டை' என்பான். பிரெஞ்சுக்காரி ஏறினால் தொண்டைக்குள் காறிக்கொண்டே 'ர' சொல்வான். இத்தாலிக்காரர்கள் வந்த அன்றைக்கு வாயோடு கையும் சேர்ந்து பேசியதில் துடுப்பு ஒன்று ஆற்றோடு போனது. வேண்டுமென்று செய்வதில்லை, பாவம். பக்கத்து வீட்டுக்காரனின் கொட்டாவி நமக்கும் வருமே, அப்படித்தான்.

"நீங்க பேசுறது எந்த ஊரு இங்கிலீசுங்க?" என்று அவன் மனைவி துஷ்யந்தி ஒரு முறை கேட்டாள். அவள் ரப்பர் தோட்டத்துப் பிள்ளைமடுவத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறவள், நேருக்கு நேர் கேட்டுவிடுவாள்.

"எல்லா ஊரும்தான்," என்றான் பெருமையாக.

"எல்லா ஊருமுன்னா எந்த ஊரும் இல்லன்னுதானே அர்த்தம்?"

"அட போ புள்ள, ஒனக்கு என்னா தெரியும்."

இந்த வியாதியால் நன்மையும் உண்டு, தலைவலியும் உண்டு. நியூசிலாந்துக் கிழவர் ஒருவர், நீ எங்கள் ஊர்ப் பையன்தானே, உன் அப்பா யார் என்று கேட்டுக் கட்டிப்பிடித்துக்கொண்டார். லண்டன்காரன் ஒருவனோ, இந்த கைட் ஆறு முழுக்க என்னை நையாண்டி பண்ணினான் என்று இணையத்தில் எழுதி ஒரே ஒரு நட்சத்திரம் போட்டான். அதைப் படித்த நாள் படகு முதலாளி ஸஹாப்தீனுக்குச் சோறு இறங்கவில்லை. "நீ கொஞ்சம் வாயப் பொத்திக்கிட்டுப் படக விடேன் கஜா, ஒனக்குப் புண்ணியமாப் போகும்," என்று கையெடுத்துக் கும்பிட்டார். கஜேந்திரன் எங்கே கேட்டான்!

கேட்காததற்குக் காரணம் இருந்தது. ஒன்பதாம் வகுப்பில் படிக்கும்போது, தெரணியகலைப் பக்கம் ஒரு பள்ளிக்கூட மேடையில் அவன் இங்கிலீஷ் பாட்டு ஒன்றை மனப்பாடமாகச் சொன்னான். ஒரு வரிகூடப் பிசகவில்லை. நடுவராக வந்திருந்த ஒரு அம்மாள் வாயில் கைலேஞ்சித் துணியை வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "சரியான தோட்டத்து இங்கிலீஷ்," என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது மைக்கில் கேட்டுவிட்டது. மண்டபமே சிரித்தது. ஒரு பையனைப் பார்த்து அப்படிச் சிரிக்கலாமா? சிரித்தார்களே, பாவிகள்! அன்றைக்குத் தன் சொந்த இங்கிலீஷை விழுங்கியவன்தான், அப்புறம் அதை வெளியே விடவே இல்லை.

அவன் கண்ணுக்கு ஆகாதவர் ஒருவர் உண்டு. ஐயாவு. கஜேந்திரன் பிறந்த அதே ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்து, முன்பு பால் வெட்டப் போய், பிறகு படகுக்கு வந்தவர். பதினைந்து வருஷமாக மூன்றே மூன்று இங்கிலீஷ் சொற்களை வைத்துக்கொண்டு காலம் தள்ளினார். முன்னால் போக 'போர்வாடு', பின்னால் போக 'பேக்கு', குனிய 'டவுனு'. அவ்வளவுதான் மனுஷனின் அகராதி. ஆற்றில் அவர் 'போர்வாடு' என்று கத்தினால் கஜேந்திரன் தன் படகில் தலையைக் குனிந்துகொள்வான். 'தோட்டத்து மானத்தையே வாங்குறாரு மனுஷன்' என்று பல்லைக் கடிப்பான்.

இப்படி இருக்கையில்தான் ஆற்றோரம் புதிதாக ஒரு பெரிய ஹோட்டல் வந்தது. அதற்குத் தலைமை கைட் ஒருவர் தேவை. தினமும் காலையில் விருந்தாளிகள் முன்னால் நின்று, தலைக்கவசம் எப்படிப் போடுவது, விழுந்தால் எப்படி மிதப்பது என்றெல்லாம் இங்கிலீஷில் சொல்லிக் கொடுக்க வேண்டும். சட்டையில் பெயர் தைத்த உத்தியோகம். ஹோட்டல்காரர்கள் இரண்டு பேரின் பெயரைக் கேட்டார்கள். ஸஹாப்தீன் முதலாளி கஜேந்திரனின் பெயரையும், சும்மா கணக்குக்கு ஐயாவுவின் பெயரையும் கொடுத்தார்.

கஜேந்திரனுக்கு இராத் தூக்கம் போனது. சம்பளம் கூடுமே என்று இல்லை. அந்த வேலை கிடைத்தால், உன் இங்கிலீஷ் நல்ல இங்கிலீஷ்தான் என்று ஊர் அறியச் சொன்ன மாதிரி ஆகும். கைலேஞ்சிக்காரியின் சிரிப்பு அன்றோடு காதில் நின்றுபோகும். அதற்குத்தான் தவித்தான்.

சனிக்கிழமை காலை சோதனை. ஹோட்டல் சார்பில் ஆள் எடுக்கக் கொழும்பிலிருந்து மிஸ் பஹ்மா வந்து இறங்கினாள். முப்பது வயது இருக்கும். கறுப்புக் கண்ணாடி. மூக்கால் பாதி, நாக்கால் பாதியாக வருகிற கொழும்பு இங்கிலீஷ். வாக்கியத்துக்கு முன்னால் ஒரு 'ஆக்சுவலி', பின்னால் ஒரு 'ரைட்?', நடுவில் முடியை ஒரு ஒதுக்கு. ஐயாவு வணக்கம் சொன்னதற்குக்கூட 'ஹாய்' என்று காற்றைப் பார்த்துச் சொன்னாள். கூடவே அன்றைய விருந்தாளிகள் மூன்று பேர்: ஒரு ஸ்கொட்லாந்துத் தாத்தா, ஒரு பிரெஞ்சுக்காரி, ஒரு ஆஸ்திரேலியப் பையன். ஒரே படகு. கஜேந்திரன் தலைவன், ஐயாவு பின்னால் உதவிக்கு. கைடுகள் ஆளுக்கொரு படகு எடுப்பதுதான் வழக்கம் என்பதால் இருவரும் ஒரே படகில் ஏறுவது அதுதான் முதல் தடவை.

முதலில் கரையில் பாதுகாப்புப் பேச்சு. கஜேந்திரன் வாயைத் திறந்தான். "ஆக்சுவலி," என்றான், மூக்கால். "திஸ் இஸ் யுவர் லைஃப் ஜாக்கெட், ரைட்?" அப்படியே அச்சு அசல் பஹ்மா! இல்லாத முடியை ஒதுக்கக் கை தானாகப் போய்த் தலைக்கவசத்தில் 'டக்'கென்று முட்டியது. ஸ்கொட்லாந்துத் தாத்தாவைப் பார்த்ததும் 'ர'கரம் எல்லாம் உருண்டோடியது. பிரெஞ்சுக்காரியைப் பார்த்ததும் தொண்டை காறியது. திரும்பப் பஹ்மாவைப் பார்த்ததும் திரும்ப மூக்கு.

பஹ்மாவின் முகம் செங்கல்லாய்ப் போனது. என்னைக் கேலி செய்கிறீரா என்று இங்கிலீஷில் கேட்டாள். "நோ, நோ, ஆக்சுவலி..." என்று அவள் குரலிலேயே அவன் சமாதானம் சொன்னதில் காரியம் சுத்தமாகக் கெட்டது. முதலாளி மரத்தைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

அடுத்து ஐயாவு பேசினார். "போர்வாடு. பேக்கு. டவுனு." பிறகு கொஞ்சம் யோசித்து, "டேங்கியூ," என்று உட்கார்ந்துவிட்டார். பஹ்மா உதட்டைச் சுழித்து எதையோ எழுதினாள்.

பஹ்மாவும் ஏற, படகு கிளம்பியது. தண்ணீர் பாய்ந்து சரிகிற முதல் இரண்டு இறக்கங்களும் பிசகாமல் போயின. மூன்றாவதில் தண்ணீர் இரைந்தது. படகு பக்கவாட்டில் திரும்பி ஒரு கல்லில் சாய்ந்தது. இப்போது தலைவன் குரல் கொடுத்தால்தான் எல்லாரும் ஒன்றாகத் துடுப்புப் போடுவார்கள். கஜேந்திரன் வாயைத் திறந்தான். ஸ்கொட்லாந்து, பிரான்ஸ், ஆஸ்திரேலியா, கொழும்பு நான்கும் தொண்டையில் ஒன்றையொன்று முட்டி மோதிக்கொண்டு நின்றன. ஒன்றும் வெளியே வரவில்லை. வாய் மட்டும் திறந்து திறந்து மூடியது.

"போர்வாடூ!" என்று பின்னாலிருந்து ஐயாவு போட்டார் ஒரு சத்தம்.

அது நேராகக் கஜேந்திரனின் வாயில் வந்து ஒட்டியது. "போர்வாடூ! இஸ்ட்ராங்கு! இஸ்ட்ராங்கு! டோன்ட்டு இஸ்டாப்பு!" என்று அவனும் முழங்கினான். தாத்தா, பிரெஞ்சுக்காரி, பையன் மூன்று பேரும் உயிரைக் கொடுத்துத் துடுப்புப் போட்டார்கள். படகு விடுபட்டது. விடுபட்ட குலுக்கலில் மிஸ் பஹ்மா மட்டும் ஆற்றில் விழுந்தாள்.

"யா அல்லாஹ்! உம்மோ! என்னயப் புடிங்களேன்! நான் மவுத்தாகப் போறனே!"

மூக்கும் இல்லை, 'ஆக்சுவலி'யும் இல்லை. அவள் பிறந்த கலவான ஊரின் சுத்தமான தமிழ். உயிர்காப்பு அங்கி அவளைப் பத்திரமாகக் கீழே அமைதியான தண்ணீருக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. கஜேந்திரன் குதித்து நீந்திப் போய்க் கையைப் பிடித்தான். அவள் இன்னும் கண்ணை மூடிக்கொண்டு கலிமா சொல்லிக்கொண்டிருந்தாள்.

"எந்திரிங்க மிஸ். இங்க முழங்கால் தண்ணிதான்."

கரையில் அவள் துவாயைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தாள். ஸஹாப்தீன் முதலாளி தேத்தண்ணிக் கோப்பையை நீட்டிக்கொண்டு நின்றார். கஜேந்திரனுக்கு ஹோட்டல் வேலை போனது உறுதி. பஹ்மா நிமிர்ந்து, தமிழிலேயே சொன்னாள்:

"அந்தக் கல்லுக்கிட்ட ஒரு சத்தம் போட்டீங்களே. அந்தக் குரல்ல முழுப் பேச்சையும் திரும்பச் சொல்லுங்க பாப்பம்."

கஜேந்திரன் தலையைக் குனிந்துகொண்டான். "வேணாம் மிஸ். அது... அது எங்க தோட்டத்து இங்கிலீசு மிஸ். ஐயாவண்ணன் கத்துனதுல தவறி வந்திருச்சு."

"தவறி வந்ததத்தான் கேக்கிறேன்."

"சொல்லேன் தம்பி," என்றார் ஐயாவு. "சொன்னா நாக்கு தேஞ்சா போயிரும்?"

கஜேந்திரன் எழுந்து நின்றான். "லேடீசு அண்டு ஜென்டில்மேனு," என்று ஆரம்பித்தான். "திஸ்ஸு இஸ் யுவரு லைப்பு ஜாக்கெட்டு. வாட்டருல விழுந்தா... சாரி... இப் யூ பாலிங்கு இன் த வாட்டரு, டோன்ட்டு இஸ்க்ரீமு. லுக்கு அட் த இஸ்கை." அதற்குப் பிறகு இடையில் நிறுத்தவே இல்லை. முடித்தபோது ஒன்பதாம் வகுப்பில் வேர்த்த மாதிரியே வேர்த்திருந்தது.

பஹ்மா சிரித்தாள். துவாயில் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள்.

அவனுக்குக் காதெல்லாம் எரிந்தது. தலைக்கவசத்தைக் கழற்றித் தரையில் வைத்தான். "இதுக்குத்தான் மிஸ் வேணாமுன்னேன். சிரிக்கத்தான் கேட்டீங்களா? சின்ன வயசுல சிரிச்சாங்க, பொறுத்துக்கிட்டேன். இப்ப எனக்கு முப்பத்தாறு வயசு."

"இல்ல, இல்ல, இருங்க!" பஹ்மா கண்ணைத் துடைத்தாள். அவள் அழுதுகொண்டும் இருந்ததை அப்போதுதான் பார்த்தான். "எங்கட வாப்பா பேசுற மாதிரியே ஈக்கிது. கலவானயில ஹாட்வெயார் கட வச்சிரிக்கிறாரு. இப்பிடியேதான், ஒரு எழுத்துக் கூட மாறாம. கொழும்புல இருந்து என்ட கூட்டாளிமார் வீட்டுக்கு வந்தா, வாப்பா, நீங்க இங்கிலீஷ் பேசவேணாம், உள்ளுக்கே இரிங்கண்டு சொல்லுவேன். ஒரு வார்த்த எதுத்துப் பேச மாட்டாரு, உள்ளுக்குப் போயிருவாரு."

அவள் நனையாப் பையிலிருந்து போனை எடுத்து அடித்தாள். "ஹலோ வாப்பா, ஹவ் ஆர் யூ?"

போனில் இருந்தவருக்குத் தூக்கிவாரிப்போட்டது போல. "என்ன மகள், என்னோட இங்கிலீஷ்ல பேசுற? வேலையால நிப்பாட்டிட்டாங்களா?"

"இல்ல வாப்பா. சும்மாதான். நீங்களும் இங்கிலீஷ்ல பேசுங்களேன்."

அவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார். "ஏன் மகள், பக்கத்துல யாரும் இல்லியா?"

கஜேந்திரனுக்கு முன்பின் பார்த்திராத அந்த மனுஷனைப் போய்ப் பார்த்து வரவேண்டும் போல இருந்தது. பஹ்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள்: "எல்லாரும் இரிக்கிறாங்க வாப்பா. வெள்ளக்காரங்களும் இரிக்கிறாங்க. எல்லாருக்கும் கேக்கிற மாதிரித்தான் போட்டிரிக்கிறேன்."

மறுமுனையில் தொண்டையைச் செருமுகிற சத்தம். கடையில் யாரையோ, "டேய், சத்தம் போடாம இரிங்கடா!" என்று அதட்டுகிற சத்தம். பிறகு ஆறே அதிரும்படி வந்தது: "லேடீசு அண்டு ஜென்டில்மேன்! ஐ யாம் சாலி! கலவானா! ஹாட்வெயாரு! ஆல் கைண்டு ஒப் பெயின்ட்டு! ஆல் கைண்டு ஒப் பைப்பு! கமிங், கமிங்! டீ ஈஸ் ப்ரீ!"

ஸ்கொட்லாந்துத் தாத்தா கை தட்டி, கட்டாயம் வருகிறோம் என்று போனைப் பார்த்துக் கத்தினார். அவர் சொன்னது சாலி ஹாஜியாருக்கு விளங்கியதோ என்னவோ, "டேங்கியூ சேர், டேங்கியூ சேர்!" என்று ஐந்தாறு தடவை சொன்னார். கஜேந்திரனின் வாய் துறுதுறுத்தது. மெல்லத் திறக்கப் போனான்.

"நீங்க மட்டும் வாயத் தொறக்கவேணாம்!" என்று பஹ்மா விரலை நீட்டினாள்.

போனை வைத்துவிட்டு முதலில் ஐயாவுவைப் பார்த்தாள். "ஒங்களுக்கு அந்த வேல வேணுமா ஐயா?"

"அய்யய்யோ, எனக்கு வேணாம் மிஸ். அதுக்குத் தெனம் நாலு வார்த்த பேசணுமே, எனக்குத் தெரிஞ்சது மூணுதான்."

பஹ்மா கஜேந்திரனிடம் திரும்பினாள். "திங்கக்கெழம காலையில ஏழு மணிக்கு வாங்க. இப்ப பேசின மாதிரியே பேசணும். என்ட குரல்ல ஒரு நாளாவது பேசினீங்களோ, அதே கல்லுல ஒங்களக் கட்டிப்போட்டுட்டு வந்திருவேன், ரைட்?"

"ரை..." என்று கஜேந்திரனின் நாக்கு மூக்குப் பக்கம் கிளம்பியது. பல்லைக் கடித்து அதை நிறுத்தினான். முதலாளி கண்ணை மூடிக்கொண்டார்.

"ரைட்டு மிஸ்சு," என்றான், அக்கரைக்கும் கேட்கும்படியாக.