தாரை வார்க்க நீண்ட என் கைகள்

அன்பான முருகனடியார்களே, இதை எழுத உட்கார்ந்தால் பேனா என்னை முந்திக்கொண்டு ஓடுகிறது. அவ்வளவு சந்தோஷம்! ஆனால் அழுகையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

எனக்கு வெண்படை. நாற்பதைத் தாண்டியதும் உதட்டோரம் ஒரு துளியாக வந்தது. பிறகு விரல்கள், மணிக்கட்டு, நெற்றி. தேயிலைச் சரிவில் பனி இறங்குவதுபோல் சத்தமே இல்லாமல் இறங்கியது. தொற்றாது என்று ஈப்போ நகரத்து டாக்டர் சொன்னார். களிம்பு சிலருக்குக் கேட்கும், சிலருக்குக் கேட்காது என்றார். எனக்குக் கேட்கவில்லை.

அப்போது எஸ்டேட்டின் தேநீர்க் கடையில் சுற்றுலா வருகிறவர்களுக்குத் தேநீர் ஊற்றிக் கொடுக்கும் வேலை எனக்கு. ஒருத்தி என் விரல்களைப் பார்த்துவிட்டு, கோப்பையைத் தொடாமலே எழுந்து போனாள். மறுநாளே மேனேஜரிடம் கெஞ்சி, தேயிலைத் தூளைப் பொட்டலம் கட்டும் கூடத்துக்கு மாறிக்கொண்டேன். அங்கே எல்லோருக்கும் முகமூடி, கையுறை, தலைக்குல்லாய். முகமே இல்லாத இடம். அதைத்தான் நிம்மதி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சென்ற ஐப்பசியில் மகள் கவிதாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. தை மாதம் முகூர்த்தம். பெண்ணின் கையை அப்பா பிடித்துக் கொடுக்கும்போது, அம்மாதான் செம்பிலிருந்து தண்ணீர் வார்க்க வேண்டும். மண்டபமே அந்தக் கைகளைத்தான் பார்க்கும்.

"தாரை வாக்க ஒங்க சரோஜா அத்த நிக்கட்டும்மா," என்றேன்.

"நீங்க உயிரோடதானே இருக்கீங்க? அப்புறம் அத்த எதுக்கு?" கவிதா கத்தினாள். "அப்படின்னா ரெஜிஸ்டர் மட்டும் போதும்லா. மேடையே வேணாம்."

பக்கத்து ஊரான திரிங்காப்பிலிருந்து காய்கறி லோரி ஓட்டும் என் கணவர், சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு வெளியே போனார். மகளின் கல்யாணத்தையே என் தோல் தின்றுவிடும்போல் இருந்தது. முருகா, இதை எடுத்துடு, எடுத்துடு என்று அழுதேன். வேறு பிரார்த்தனையே எனக்குத் தெரியாது.

அந்த வெள்ளிக்கிழமை எஸ்டேட் கோயிலில் பூஜை. கற்பூரப் புகை, வாசல்வழி நுழைந்த பனி. திருநீற்றுத் தட்டோடு வந்த குருக்கள் என் நெற்றியைப் பார்த்தார். "நீங்கதான் பூசிட்டீங்களேம்மா," என்று அடுத்தவரிடம் போய்விட்டார். அவர்மேல் தப்பில்லை. அந்த வெண்மை குறுக்கே அப்படித்தான் படர்ந்திருந்தது. நீட்டிய என் கை நீட்டியபடியே நின்றது.

பக்கத்தில் மல்லிகா. என்னோடு பொட்டலம் கட்டுகிறவள், வாயாடி. "ஒனக்கு லாபம்டி! நாங்க தெனம் பூசணும். ஒனக்கு முருகனே பர்மனென்ட்டா போட்டு விட்டுட்டாரு லா!"

அவளை விட்டுவிட்டு வேகமாக வீட்டுக்கு நடந்தேன்.

வந்ததும் சாமி படத்தின் முன்னால் உட்கார்ந்து, திருநீற்றைக் கை நிறைய அள்ளினேன். எது படை, எது தோல் என்று எவருக்கும் தெரியாதபடி முகமெல்லாம் அப்பிக்கொள்ள வேண்டும்! அந்த ஆத்திரத்தில் விரல் நெற்றியில் பட்டது. பட்ட இடத்தில் நின்றது. களிம்பு தடவ மட்டுமே தொட்டிருந்த இடம். வெதுவெதுப்பாக இருந்தது. அதற்குள்ளும் என் ரத்தம்தானே ஓடுகிறது! மூச்சு தானாக நீண்டது. 'எடுத்துடு' என்று சொல்ல வாய் வரவில்லை. "முருகா, இதுவும் உன்னுடையதா?" என்றுதான் வந்தது.

அன்றிலிருந்து தினமும் காலையில், வேலைக்குப் போகுமுன் விளக்கேற்றி உட்காருகிறேன். விரலில் சிறிது நீறு. மூச்சை மெல்ல உள்ளே இழுத்து, நெற்றியில் வைத்து, சரவணபவ என்று விடுவேன். பிறகு தொண்டை, மார்பு, முழங்கை. மணிக்கட்டுக்கு வரும்போது ஆரம்பத்தில் அழுகை முட்டும். அங்கேயே விரலை வைத்துக்கொண்டு அழுது முடிப்பேன். இதுவும் உன்னுடையது என்று சொல்லிவிட்டுத்தான் அடுத்த இடத்துக்குப் போவேன். மனம் ஓடும். ஓடட்டும்! அடுத்த மூச்சில் திரும்பி வரும்.

எப்போது மாறினேன்? தெரியாது. கார்த்திகையில் ஒரு நாள், இடைவேளையில் எல்லோர் நடுவிலும் முகமூடியைக் கழற்றி ரொட்டி தின்றுகொண்டிருந்தேன். மல்லிகாதான் பார்த்தாள். "அடியே, ஒனக்கு மூக்குகூட இருக்கா!" சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறிவிட்டது.

அன்று மாலையே கவிதாவிடம் சொன்னேன். "செம்ப நானே புடிக்கிறேன்மா."

அவள் என்னை உற்றுப் பார்த்தாள். "அப்ப தாரை வாக்கன்னு அத்தைக்கு நீங்க எடுத்து வெச்ச பட்டு?"

"அவங்களே கட்டிக்கட்டும். எனக்கு அரைக்கை ஜாக்கெட் ஒண்ணு தைக்கணும்."

அரைக்கை! அவள் ஓடிவந்து கட்டிக்கொண்டாள்.

முகூர்த்தம் வந்தது. மேளம். செம்பைத் தூக்கினேன். பின்னால் யாரோ, "கையப் பாத்தியா?" என்றது தெளிவாகக் காதில் விழுந்தது. வலித்தது, பொய் சொல்ல மாட்டேன். மூச்சை இழுத்தேன். சரவணபவ. தண்ணீர் ஒரே கோடாக இறங்கியது. என் கணவரின் கை மேல், என் மகளின் கை மேல், மருமகனின் கை மேல். நடுங்கவில்லை! ஒரு சொட்டுகூட வெளியே சிந்தவில்லை!

வெண்படை போகவில்லை. டாக்டரிடம் இன்றும் போகிறேன். ஆனால் கண்ணாடியில் என்னைப் பார்த்து, "வாம்மா" என்று சொல்கிற ஒருத்தி எனக்குள் வந்துவிட்டாள். நான் கேட்கத் தெரியாமல் இருந்ததை முருகன் கொடுத்துவிட்டான்.

உங்களுக்கும் மறைத்து வைத்த இடம் ஒன்று இருக்கும். கெஞ்சிக் கேட்கிறேன், நாளைக் காலை விளக்கேற்றி உட்காருங்கள். விரலை முதலில் அங்கே வையுங்கள். மூச்சை விடுங்கள். அவன் காத்துக்கொண்டிருக்கிறான்!