துரையை அடித்த குடை

தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்த காலமெல்லாம் ஊர் வம்பைக் காதால் கேட்டவள், ஓய்வு பெற்ற பிறகு அதையே கண்ணால் படிக்க ஆரம்பித்தாள். நூலகத்தின் பின்னறையில் வெள்ளைக்காரன் காலத்து வாரப் பத்திரிகைகளை வருடவாரியாகத் தைத்து அடுக்கியிருந்தார்கள். அவற்றை அவள் கடைசிப் பக்கத்திலிருந்துதான் படிப்பாள். முதல் பக்கம் ராஜா ராணிக்கு. கடைசிப் பக்கத்தில்தானே நம்ம ஆட்கள் கோர்ட்டில் நிற்பார்கள், எருமையைத் தொலைப்பார்கள், ஓடிப்போன பெண்டாட்டியைத் தேடுவார்கள்!

தெருவில் அவளுக்குப் 'பழைய பேப்பர்' என்று பெயர். "எடைக்குப் போட முடியாத பழைய பேப்பர்" என்று மருந்துக்கடைக்காரர் சேர்த்துச் சொல்வார். அவருக்குக் கோபம் இருக்காதா? அவருடைய பாட்டனார் வெறும் வெல்லத் தண்ணீரைக் காய்ச்சல் மருந்தென்று விற்று மாஜிஸ்திரேட்டிடம் மாட்டிக்கொண்ட செய்தியை, கடையில் கூட்டம் நெரியும் நேரமாகப் பார்த்து வாசித்துக் காட்டியவள் அவள்தான்.

"உங்க வீட்டுக் கதை எப்போ வெளிய வரும்?" என்று அவர் விடாமல் கேட்டுவந்தார்.

"வந்தா நானே வாசிப்பேன். எங்க வீட்டுக்குன்னு தனிச் சட்டமா?" என்பாள். சொன்ன சொல் அது ஒன்றுதான். ஆனால் அவள் மானம் முழுக்க அதில்தான் இருந்தது.

அவள் வீட்டுக் கதையோ தெருவுக்கே தெரிந்த பெருமை. சாலை மேஸ்திரியாக இருந்த கொள்ளுத்தாத்தா, ஒரு துரையைக் குடையால் அடித்துச் சிறைக்குப் போனவர். அந்தக் குடை இன்றும் தம்பி குடியிருக்கும் பூர்வீக வீட்டின் கூடத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. கைக்கு அடக்கமான குடை, ஓரமெல்லாம் லேஸ் வைத்துத் தைத்தது. அவ்வளவு பெரிய மீசைக்காரர் இத்தனூண்டு லேஸ் குடையை ஏன் பிடித்தார் என்று மூன்று தலைமுறையில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. "அந்தக் காலத்து ஆம்பளைங்க ரசனை அப்படி" என்று தம்பி முடித்துவிடுவான். அவனுக்கும் அதே மீசை. வீட்டில் அவன் வைத்ததுதான் சட்டம். அவன் மனைவி, கேட்காத கேள்விக்குக்கூட "சரிங்க" என்று சொல்லிப் பழகியவள்.

இப்போது அவன் வாசலில் பளிங்குக் கல் பதித்திருந்தான்: 'துரையை அடித்த தீரர் வாழ்ந்த இல்லம்.' ஞாயிற்றுக்கிழமை திறப்பு. "அக்கா, அந்தப் பேப்பர் செய்தியைத் தேடிக் குடு. வந்தவங்க முன்னாடி நீயே வாசி" என்றான். பல வருடம் பைண்டிங்குக்குப் போயிருந்த அந்த ஆண்டின் தொகுப்பும் அந்த வாரம்தான் நூலகத்துக்குத் திரும்பியிருந்தது.

வழக்கம்போலக் கடைசிப் பக்கத்தைத் திறந்தாள். செய்தி இருந்தது. தெரு, வீடு, பெயர் எல்லாம் பொருந்தின. அடித்த ஆள்தான் பொருந்தவில்லை. தபாலாபீஸ் வரிசையில் தன்னைத் தள்ளிவிட்டு முன்னே போன துரையை, சாலை மேஸ்திரியின் மனைவி குடையால் தலையில் அடித்தாள். தொப்பி விழுந்தது, அதை ஒரு நாய் கவ்விக்கொண்டு போயிற்று. அபராதமா சிறையா என்று நீதிபதி கேட்டதற்கு, "சிறை. குடையை மட்டும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்" என்றாளாம்.

அடுத்த வார இதழில் மேஸ்திரியின் விளம்பரம்: 'இதனால் சகலருக்கும் அறிவிப்பது யாதெனில், என் மனைவி துரையவர்களை அடித்த செய்கையில் எனக்கு யாதொரு சம்பந்தமும் இல்லை. அவளுக்கு ஒருவரும் தங்க இடம் கொடுக்க வேண்டாம்.'

படித்தவளுக்கு உடம்பெல்லாம் கொதித்தது. துரைமார் கப்பலேறிய பிறகு அடியும் சிறையும் மீசைக்குச் சொந்தமாகிவிட்டன! இன்னும் சில வாரம் புரட்டியதும் வேறொரு விளம்பரம் கண்ணில் பட்டது. அதைப் படித்து அவள் சிரித்த சிரிப்பில் நூலகர் எட்டிப் பார்த்தார்.

சனிக்கிழமையன்று, எடுத்துவந்த நகல்களில் முதல் இரண்டை மட்டும் தம்பியிடம் காட்டினாள். அவன் முகம் கறுத்தது.

"கல்லு வெட்டியாச்சு. இதை வாசிச்சே, இந்த வீட்டுப் படி ஏறாதே. நீ எனக்கு அக்காவே இல்ல."

"அப்படியே பேப்பர்லயும் போட்டுடுடா. நம்ம குடும்ப வழக்கம்தானே!"

வாய் அப்படிச் சொல்லிவிட்டது. ஆனாலும் அவளுக்கென்று இருந்த ரத்த உறவு அவன் ஒருவன்தான். வாசல்வரை வழியனுப்ப வந்த தம்பி மனைவி, "அண்ணி, அப்போ அந்தக் குடை அந்தம்மாவோடதா?" என்று மட்டும் கேட்டாள். அக்கா தன் வீட்டுக்குப் போய் அழுதாள். பேசாமல் நகல்களைக் கிழித்துவிடலாம், யார் பார்க்கப் போகிறார்கள்? ஆனால் ஊருக்குத்தான் உபதேசமா என்று மனசாட்சி, மருந்துக்கடைக்காரர் குரலில் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை கூடம் நிறைந்திருந்தது. மருந்துக்கடைக்காரர் முதல் வரிசையைப் பிடித்திருந்தார். அக்கா வாயைத் திறக்கமாட்டாள் என்ற தைரியத்தில் தம்பி மீசையைத் தடவிக்கொண்டிருந்தான். அவள் எழுந்து கோர்ட்டுச் செய்தியை வாசித்தாள். நாய் தொப்பியைக் கவ்விய இடத்தில் கூடமே சிரித்தது. மேஸ்திரியின் விளம்பரத்துக்கு வந்தபோது ஒருவரும் சிரிக்கவில்லை.

"நிறுத்து! வெளிய போ!" என்று தம்பி எழுந்தான்.

கண்ணாடிப் பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது. தம்பி மனைவி குடையை எடுத்துக்கொண்டு வந்து நாத்தனார் பக்கத்தில் நின்றாள்.

"ஏய், அதை உள்ள வை."

அவள் சரிங்க என்று சொல்லவில்லை. "நீங்க உட்காருங்க" என்றாள். "அண்ணி, மிச்சம் இருந்தா வாசிங்க."

அவன் குடையைப் பார்த்தான். உட்கார்ந்துவிட்டான்.

மடியில் செருகியிருந்த மூன்றாவது நகலை அவள் எடுத்தாள். சிறையிலிருந்து வந்ததும் கொள்ளுப்பாட்டி கொடுத்த பதில் விளம்பரம் அது: 'மேற்படி கணவர் குடியிருப்பது என் தகப்பனார் எனக்குக் கொடுத்த வீடு. அவருக்கு இடம் கொடுப்பதா வேண்டாமா என்று நான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.'

மருந்துக்கடைக்காரர் தொடையில் தட்டிச் சிரித்தார். சிரிப்பெல்லாம் அடங்கும்வரை தம்பி மனைவி குடையைப் பிடித்தபடி கணவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நானும் யோசிக்கிறேன்" என்றாள்.