விண்கலம் ஓட்டும் வீட்டுக்காரர்

மாலை ஆறு மணியானால் எங்கள் வீட்டிலிருந்து ஒரு கிறீச்சொலி கிளம்பும். இங்கிலாந்தில், இந்தக் கவன்ட்ரியில், வீடுகள் ஒன்றையொன்று ஒட்டி நிற்கின்றன, இரண்டு வீட்டுக்கு நடுவே ஒரே சுவர். இந்த வீட்டுக்கு நாங்கள் குடிவந்த புதிதில் பக்கத்து வீட்டுக்காரி கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கதவைத் தட்டினாள். "தப்பாக நினைக்க வேண்டாம், அது உங்கள் பிரார்த்தனையா?" என்று கேட்டாள். உள்ளே என் வீட்டுக்காரர் கால் கழுவி, வேட்டி மாற்றி, டிவி முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். அவருடைய கம்ப்யூட்டருக்குள் விளையாட்டு ஏறுவதற்கு ஒரு கேஸட் சில நிமிஷம் அலற வேண்டும். இதை அந்த அம்மாளுக்கு எந்த இங்கிலீஷில் விளக்குவது? "ஆமாம், தினமும் உண்டு" என்றேன். அன்றிலிருந்து ஆறு மணிக்கு எங்கள் வாசலைத் தாண்டும்போது அவள் ஓசைப்படாமல் நடக்கிறாள். இந்த ஊரில் எனக்குக் கிடைத்த மரியாதை அவ்வளவுதான்.

ஊரிலிருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு அந்த விளையாட்டைச் சொல்லிவிடுகிறேன். கறுப்புத் திரை. நட்சத்திரம் என்ற பெயரில் நாலு புள்ளி. வெறும் கோடுகளால் வரைந்த ஒரு விண்கலம் எதிரே வரும், விளக்குமாற்றுக் குச்சிகளைக் கட்டிவைத்த மாதிரி. அதைச் சுட வேண்டும். சுட்டால் இன்னொன்று வரும். நடுவில் ஒரு கிரகத்தில் சரக்கு வாங்கி இன்னொரு கிரகத்தில் விற்க வேண்டும். நாற்பதை நெருங்கும் மனிதர், ஃபாக்டரியில் டிராயிங் போடுகிறவர், இதற்காகப் பல்லைக் கடிக்கிறார், ஒரு பக்கமாகச் சாய்கிறார், "விட்டேனா பார்" என்று உறுமுகிறார். இதே மனிதர் கார் லைசென்ஸ் பரீட்சைக்குப் போகும்போதெல்லாம் ரவுண்டானாவைக் கண்டதும் பிரேக்கை மிதித்துத் தோற்றுவிட்டு வருகிறார். நான் பஸ் ஏறிப் போய் அரிசி சுமந்து வருகிறேன். வானத்தில் மட்டும் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை.

எழுபதுகளில் தென்காசியில் எங்கள் கல்யாணம் நடந்தபோது, "அஞ்சே வருசம் மாமா, வந்துருவோம்" என்று என் அப்பாவிடம் சொன்னவர் இவர். அம்மா அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள். நான் ஒரே பிள்ளை. மாப்பிள்ளை சொன்ன வார்த்தையை அப்பா கெட்டியாகப் பிடித்துக்கொண்டு எங்களுக்கென்று மாடி எடுத்துக் கட்டினார். குற்றால சீசனில் ஒரு அறைக்கு ஆலாய்ப் பறப்பார்கள், அப்போதும் அதை யாருக்கும் விடவில்லை. கேட்டு வந்தவர்களிடம், "எம் மவ வந்துருவா" என்று சொல்லி அனுப்பிவிடுவாராம். ஐந்து வருஷம் பத்தைத் தொட்டது. எங்கள் பக்கத்தில் மாமனார் மாப்பிள்ளையிடம் எதையும் நேருக்கு நேர் கேட்கமாட்டார், அது மரியாதையில்லை. அப்பா என்னைக் கேட்பார், நான் இவரைக் கேட்பேன், இவர் "பாக்கலாம்" என்பார். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டே ஒரு மனிதர் எத்தனை வருஷம் பிழைக்கலாம் என்பதை நான் கண்ணால் பார்த்தேன்.

எண்பதுகளின் நடுவில் ஒரு சீசனுக்கு ஊருக்குப் போனோம். சித்திக்கு ஸ்வெட்டர், அப்பாவுக்குக் கம்பளி என்று நான் எடுத்து வைத்ததையெல்லாம் வெளியே தள்ளிவிட்டு இவர் கம்ப்யூட்டரையும் ஒரு குட்டி டிவியையும் பெட்டியில் அடைத்தார். இங்கே மழை பெய்தால் பக்கத்து வீட்டுக்காரி ஏதோ தானே பெய்யவைத்த மாதிரி என்னிடம் மன்னிப்புக் கேட்கிறாள். எங்கள் ஊரில் நனைவதற்கென்றே பஸ் ஏறி வருகிறார்கள். தலையிலிருந்து எண்ணெய் வழிய வழிய ஐந்தருவியில் கூட்டம் நின்றது. இவரோ, சாரல் பட்டால் மெஷினுக்கு ஆகாதென்று ஜன்னலையெல்லாம் சாத்திக்கொண்டு வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். எங்கள் சொந்தக்காரர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. அருவியை விட்டுவிட்டு ஈரத் தலையோடு வந்து அந்தக் கறுப்புத் திரையை வாய் பிளந்து பார்த்தார்கள். சித்தி டிவிக்குச் சந்தனம் குங்குமம் வைத்தாள். வீட்டுக்காரர் முகத்தில் கல்யாணத்தன்றுகூட அப்படி ஒரு களையை நான் பார்த்ததில்லை.

அப்பாவின் தம்பி, என் சித்தப்பா, புளியறை எல்லை தாண்டிக் கேரளாவுக்கு லாரி விடுகிறவர். அவர் கையில் ஒருநாள் விளையாட்டைக் கொடுத்தார் இவர். "ஹாரன் எங்கன இருக்கு மாப்ளே?" என்று கேட்டார் சித்தப்பா. ஹாரன் கிடையாது என்றதும் அவருக்கு மனசே இல்லை. எதிரே ஒரு விண்கலம் தெரிந்தது. சித்தப்பா வேகத்தைக் குறைத்து அப்படியே நிறுத்திவிட்டார்.

"சுடுங்க மாமா, சுடுங்க."

"இருங்க மாப்ளே. புளியறை செக்போஸ்ட்ல நாமளா ஓரங்கட்டிருவோம். அவன் வந்து சரக்கப் பாக்கட்டும், பெறவு பேசிக்கிடலாம்."

எதிரி சரக்கைப் பார்க்க வரவில்லை. சுட்டுப் பொசுக்கிவிட்டான். "நிப்பாட்டுன வண்டியவா சுடுதான்? என்ன ஊருலே இது" என்று சித்தப்பா கையை உதறினார். கூடமே அவர் பக்கம் நின்றது. என் வீட்டுக்காரர் ஓர் ஏளனச் சிரிப்போடு விளையாட்டைத் தன் கைக்கு வாங்கிக்கொண்டார்.

இவர் மும்முரமாகச் சுட்டுக்கொண்டிருக்கும்போது அப்பா சித்தப்பாவை ஒரு பார்வை பார்த்தார். சித்தப்பா தொண்டையைச் செருமினார். "மாப்ளே, அடுத்த சீசனுக்குள்ள வந்துருவியளா? மாடிக்கு வெள்ளையடிக்கணும்லா, அதான் கேக்கேன்."

"எங்க மாமா வர?" என்றார் இவர், கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல். "அங்கயே ஒரு வீடு பேசி முடிச்சாச்சு. போனதும் குடி போகணும்." சொல்லிவிட்டு அடுத்த விண்கலத்தைச் சுட்டார்.

எனக்கே அப்போதுதான் தெரியும். வீட்டைப் பேசி முடித்துவிட்டு, ஒரு வார்த்தை மூச்சுவிடாமல், விமானத்தில் என் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டு வந்திருக்கிறார் அந்த மனிதர். கட்டினவளிடம் ஒளித்ததை நாலு கோடுகளைச் சுடுகிற மும்முரத்தில் கொட்டிவிட்டார். அப்பா எழுந்தார். "ஏட்டி, மாப்ளைக்குக் காப்பி கொண்டா" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கொல்லைப் பக்கம் போனார்.

சாயங்காலம் தனியாகக் கிடைத்தவரைப் பிடித்துக்கொண்டேன். கோழை என்றேன். எங்கப்பா மூஞ்சியைப் பார்க்கத் துப்பிருக்கிறதா என்றேன். அவர் ஒயரைச் சுருட்டிக்கொண்டே, "சமயம் பாத்துச் சொல்லலாம்னு இருந்தேன்" என்றார். அதன்பிறகு என் வாயிலிருந்து அது வந்தது: "அந்த வீட்டு அடுக்களைல ஜன்னல் உண்டா?"

"பெருசு. தோட்டத்தப் பாத்து இருக்கு" என்றார்.

அவரை இளக்காரமாகப் பார்த்தே பழகியவள் நான். அந்த நிமிஷம் என்னைப் பார்க்க எனக்கே அதைவிட இளக்காரமாக இருந்தது. ஊருக்கு வரவேண்டும், வரவேண்டும் என்று பத்து வருஷம் புலம்பியவளுக்கு, வரவேண்டியதில்லை என்றானதும் நிம்மதியாக இருந்தது. அப்பாவை நினைத்து அழுகையும் வந்தது. இரண்டும் சேர்ந்தே வந்தன.

மறுநாள் காலையில் அப்பா, வாசுதேவநல்லூரிலிருந்து மாற்றலாகி வந்த ஒரு வாத்தியார் குடும்பத்துக்கு மாடியைப் பேசிவிட்டார். "சும்மா பூட்டிக் கெடந்தா பல்லிதான் குடியிருக்கும்" என்றார் என்னிடம். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். மாடியில் என்னுடைய சாமான் ஒன்றே ஒன்றுதான், கல்யாணச் சீராகக் கொடுத்த டிரங்குப் பெட்டி. அப்பா ஒரு பக்கமும் இவர் ஒரு பக்கமுமாகத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். படி திரும்புகிற இடத்தில் மூச்சு வாங்கி அப்பா கீழே வைத்தார். கீழே என் பழைய அறையில் நெல் மூட்டை.

"இத எங்கன வைக்கட்டி? கூடக் கொண்டுட்டுப் போயிருதியா?" என்று கேட்டார். விமானத்தில் எங்களுக்கு விட்ட எடையை டிவியும் கம்ப்யூட்டருமே தின்றுவிட்டிருந்தன. நான் முந்தானையால் பெட்டியின் தூசியைத் துடைத்தேன். "சரி, இங்கனயே கெடக்கட்டும்" என்று அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

இன்னும் அது படித் திருப்பத்தில்தான் இருக்கிறதாம். வாத்தியார் வீட்டார் ஏறும்போதும் இறங்கும்போதும் ஒருக்களித்துத்தான் போகிறார்களாம். அதன் சாவி இங்கே, தோட்டத்தைப் பார்த்த பெரிய ஜன்னலின் கொக்கியில் தொங்குகிறது.