இருபதுக்கு ஏழு

போன ஞாயிற்றுக்கிழமை காலை என் பேத்தி சாப்பாட்டு மேசையடியில் உட்கார்ந்து நகத்துக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தாள். ஒரு கை காய்ந்துகொண்டிருந்தது, மறு கையில் தூரிகை. ஆகவே முழங்கையால் ஒரு துண்டுப்பிரசுரத்தை என் பக்கம் தள்ளினாள். வாவிக்கரை ஹோட்டல் ஒன்றில் ஒரு நாள் பயிலரங்காம். கல்வியிலும் தொழிலிலும் வெற்றிபெறத் தேவையான ஏழு தேர்ச்சிகளைச் சொல்லித் தருவார்களாம். பகல் உணவும் சான்றிதழும் உண்டு. கழுத்துப்பட்டி அணிந்த ஒரு வாலிபன் கையைக் கட்டிக்கொண்டு சிரிக்கும் படமும் போட்டிருந்தார்கள். கையைக் கட்டிக்கொண்டு சிரிப்பது எட்டாவது தேர்ச்சியாக இருக்கலாம்.

"அப்பப்பா, உங்களையும் பேசக் கேக்கினம். தொடர்பாடல், கொம்யூனிகேசன் எண்ட தலைப்பு. இருவது நிமிசம்."

"என்னை ஏன்?"

"நீங்கள் பெரிய பதவியிலை இருந்தனீங்கள்தானே!"

அவள் சொன்னதில் பிழையில்லை. பெரிய பதவியில்தான் இருந்தேன். ஆனால் அதற்குள் அந்தச் சாயத்தின் வாடை மூக்கில் ஏறி, என்னை வேறொரு மேசைக்குக் கொண்டுபோய்விட்டது. ஸ்டென்சில் தாளில் தட்டச்சுச் செய்த காலத்தில், பிழை விட்டால் பூசி மறைக்க ஒரு சிவப்புத் திரவம் சின்னப் போத்தலில் வரும். நகச்சாயத்தின் வாடையேதான் அதற்கும். மெழுகுத் தாளில் எழுத்து விழுந்த ஓட்டையை அது அடைத்துவிடும். காய்ந்ததும் அதன் மேலேயே சரியான எழுத்தை அடிக்கலாம். எங்கள் கந்தோரில், அதாவது அரசாங்க அலுவலகத்தில், அந்தப் போத்தல் வருடக்கணக்காக முடியாமல் கிடந்தது. தட்டச்சுச் செய்தவள் பிழை விடாததுதான் காரணம்.

கந்தோரின் பெயர் வேண்டாம். மணிக்கூட்டுக் கோபுரத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் ஒரு பழைய கட்டடம். தகரக் கூரை. கண்டி மழை தொடங்கினால் தொலைபேசியில் யார் என்ன சொன்னாலும் "ஓம், ஓம்" என்பதைத் தவிர வேறு வழியில்லை. அப்படி ஓம் போட்டே பல முடிவுகளை எடுத்திருக்கிறேன். அந்தக் கந்தோருக்கு நான்தான் பொறுப்பதிகாரி. யாழ்ப்பாணத்தில் நல்ல பள்ளிக்கூடம், பிறகு பட்டம், திருத்தமான ஆங்கிலம், மடிப்புக் கலையாத சேட்டு. சிங்களம் மட்டும் பஸ்ஸில் டிக்கட் எடுக்கவும், தேநீர்க் கடையில் சீனியைக் குறைக்கச் சொல்லவும் போதுமான அளவு.

துரதிர்ஷ்டவசமாக அரசாங்கம் என்னிடம் தேநீர்க் கடைக்கு மேலான சிங்களத்தை எதிர்பார்த்தது. அதற்கென்று ஒரு மொழித் தேர்ச்சிப் பரீட்சை இருந்தது. அதில் தேறாவிட்டால் பதவி உயர்வு இல்லை. நான் மூன்று முறை தோற்றி மூன்று முறையும் தவறினேன். மூன்றாம் முறை போனபோது மண்டப வாசலில் நின்ற காவலாளி என்னைப் பழைய சிநேகிதனைப் போல வரவேற்றார்.

அப்படியானால் அந்தக் கந்தோரிலிருந்து நாளுக்குப் பத்துச் சிங்களக் கடிதங்கள் எப்படிப் போயின என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. தலைமைக் கந்தோர் அதை ஒருநாளும் கேட்கவில்லை.

பாக்கியம் எழுதினாள். வத்தேகமைக்கு அப்பால் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்திலிருந்து, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளிலிருந்து, முதல் பஸ்ஸில் வருவாள். தாய் கொழுந்து பறிக்கிறவர். சேற்றுச் செருப்பைப் படிக்கட்டுக்குக் கீழே கழற்றிவிட்டு, பையிலிருந்து இன்னொரு சோடியை எடுத்துப் போட்டுக்கொண்டுதான் உள்ளே நுழைவாள். தமிழ், சிங்களம், ஆங்கிலம் என்று மூன்று தட்டச்சுப் பொறிகளிலும் அவளுக்குக் கை ஓடும். அவளுக்கு அரசாங்கம் கொடுத்திருந்த பெயர் அமையத் தட்டெழுத்தாளர். அதாவது, நாளைக்கு வரவேண்டாம் என்று இன்றைக்குச் சொல்லிவிடக்கூடிய ஆள். அப்படி மூன்றரை வருடங்களாக நாளைக்கும் வந்துகொண்டிருந்தாள்.

நான் கதிரையில் சாய்ந்துகொண்டு தமிழில் சொல்வேன். அவளுடைய பொறியிலிருந்து அது அழகான அரச சிங்களமாக வெளிவரும். நான் கீழே கையெழுத்திடுவேன். என்ன எழுதியிருக்கிறது என்று எழுத்துக்கூட்டி வாசிக்க எனக்குப் பத்து நிமிடம் பிடிக்கும் என்பதால் வாசிப்பதில்லை. இதற்குப் பெயர் நம்பிக்கை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருமுறை, என் கடிதங்களின் மொழிநடை பாராட்டுக்குரியது என்று தலைமைக் கந்தோரிலிருந்து ஒரு குறிப்பு வந்தது. அதை வீட்டுக்குக் கொண்டுபோய் மனைவிக்குக் காட்டினேன். பாக்கியத்துக்குக் காட்டத் தேவையிருக்கவில்லை. அந்தக் குறிப்பை எனக்கு வாசித்துச் சொன்னவளே அவள்தான்.

ஒரு நாள் அவளுக்குக் காய்ச்சல். அவசரமாக ஒரு கடிதம் போகவேண்டியிருந்தது. ரோசத்தில் நானே உட்கார்ந்து சிங்களத்தில் எழுதி அனுப்பினேன். நான்காம் நாள் அது திரும்பி வந்தது. தயவுசெய்து அரச கரும மொழியான சிங்களத்தில் எழுதி அனுப்பவும் என்று மேலே ஒரு குறிப்பு.

பாக்கியம் அதை வாசித்துவிட்டுச் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். "என்னங்க ஐயா, நான் ஒரு நாளு காய்ச்சல்ல படுத்தா ஆபீசுக்கே காய்ச்சல் வந்துருதுங்களே!"

"சிரிச்சது காணும் பிள்ளை. திருப்பி அடியும்."

"அடிக்கிறேங்க. இத மட்டும் நான் வச்சுக்கிறவா ஐயா? லயத்துல காட்டுனா ஒரு வாரத்துக்குச் சிரிப்பாங்க."

பொது மக்கள் வரும் முன் மேசையும் அவள் பொறுப்பில்தான் இருந்தது. அலவத்துகொடயிலிருந்து வரும் முஸ்லிம் உம்மாமாரிடம் அவர்களுடைய தமிழில் பேசுவாள். மலையடிவாரக் கிராமங்களிலிருந்து வரும் விவசாயிகளோடு சிங்களத்தில் வம்பளப்பாள். ஒருமுறை ஒரு மனிதர் தன் விண்ணப்பக் கோவை தொலைந்துபோய்விட்டதென்று மேசையில் ஓங்கி ஓங்கி அடித்தார். நான் என் அறைக்குள் ஒரு முக்கியமான அலுமாரிக்குப் பின்னால் முக்கியமான எதையோ தேடிக்கொண்டிருந்தேன். பாக்கியம் அவரை வாங்குப் பலகையில் இருத்தி, தண்ணீர் கொடுத்து, ஒரு மணித்தியாலத்தில் கோவையைக் கண்டுபிடித்துக் கொடுத்தாள். அடுத்த கிழமை அவர் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்து, அதை என் மேசையில் வைத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். அதிகாரி நான் அல்லவா! துண்டுப்பிரசுரத்தில் இரண்டாவது தேர்ச்சி குழுவாகச் செயற்படல் என்று போட்டிருக்கிறார்கள். நாங்கள் அன்றே செயற்பட்டோம். வேலையை அவள் செய்தாள். பழத்தை நான் சாப்பிட்டேன்.

பிறகு அந்த நேர்முகப் பரீட்சை வந்தது.

அமைய ஊழியர்களில் சிலரை நிரந்தரமாக்கப் போகிறார்கள் என்று சுற்றறிக்கை வந்தது. மூவர் கொண்ட சபை. அதில் நானும் ஒருவன். பாக்கியத்துக்கு அப்போது வயதெல்லைக்கு இன்னும் சில மாதங்களே இருந்தன. அவள் ஒரு நாளும் எனக்கு முன்னால் உட்கார்ந்து பேசியதில்லை. அன்று கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இது கடைசித் தடவைங்க ஐயா. அடுத்த தடவைக்கு வயசு தாண்டிரும். கெடச்சிருச்சின்னா கட்டுகஸ்தோட்டைல ஒரு ரூம் பாத்து அம்மாவக் கூட்டிட்டு வந்துருவேன். அதுக்கு முழங்கால் ஏலாது. இன்னும் கொழுந்து பறிக்க மல ஏறச் சொல்லுறாங்க."

"நீர் ஒண்டுக்கும் பயப்பிடாதையும் பிள்ளை. நான் போர்ட்டிலை இருக்கிறன்."

"ஐயா இருக்கீங்கன்னுதான் தைரியமே!"

நான் அப்போது பொய் சொல்லவில்லை. பொய், சுற்றறிக்கையின் இரண்டாம் பக்கத்தை அவள் எனக்கு வாசித்துச் சொன்னபோதுதான் எனக்குள் புகுந்தது. நிரந்தர நியமனம் பெறுகிறவர்கள் இப்போதிருக்கும் கந்தோரில் தொடர முடியாது, வேறு கந்தோருக்கு மாற்றப்படுவார்கள் என்று அதில் இருந்தது. "எங்க போட்டாலும் போவேங்க," என்றாள். நேர்முகம் முடிந்த பிறகும் என் நான்காவது பரீட்சைக்கு எட்டு மாதம் இருக்கும். எட்டு மாதம், நாளுக்குப் பத்துக் கடிதம். அவள் போனால் நான் யார் என்பது ஒரே கிழமையில் தலைமைக் கந்தோருக்குத் தெரிந்துவிடும்.

நேர்முகத்தில் அவள் நன்றாகவே பேசினாள். சபைத் தலைவர் சிங்களத்தில் கேட்டதற்குச் சிங்களத்தில் சொன்னாள், ஆங்கிலத்தில் கேட்டதற்குச் சற்றுத் தயங்கி ஆங்கிலத்தில் சொன்னாள். வெளியே போகும்போது என்னைப் பார்த்து இலேசாகச் சிரித்தாள். தலைவர் என் பக்கம் திரும்பி, "உங்களுடைய ஆள்தானே, எப்படி?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, நல்ல பிள்ளை, கடும் உழைப்பாளி, ஆனால் தொடர்பாடல் திறன்தான் கொஞ்சம் போதாது என்றேன். பத்தாண்டுகளில் நான் பேசிய ஆங்கிலத்திலேயே மிகத் திருத்தமான ஆங்கிலம் அது. புள்ளித் தாளில் தொடர்பாடல் என்ற கட்டத்தில் இருபதுக்கு ஏழு என்று எழுதினேன். மற்ற இருவரும் பதினைந்து, பதினாறு என்று போட்டிருந்தார்கள். மூன்று புள்ளியால் அவள் தவறினாள்.

இவ்வளவும் செய்த பிறகும் நான் என்னை ஒரு தந்திரசாலி என்றுதான் நினைத்தேன். ஒன்றை மட்டும் யோசிக்கவில்லை. தெரிவாகாத பதினொரு பேருக்கும் எங்கள் கந்தோரிலிருந்தே சிங்களத்தில் வருத்தக் கடிதம் போகவேண்டும் என்று தலைவர் சொல்லிவிட்டார். கந்தோரில் சிங்களக் கடிதம் எழுதத் தெரிந்தவர் ஒருவர்தான்.

மூன்று நாள் அந்தக் கோவையை மேசையில் அங்கும் இங்கும் நகர்த்தினேன். நான்காம் நாள் தலைவர் தொலைபேசியில் கேட்டார். அன்று பார்த்து மழையும் இல்லை.

"பிள்ளை, ஒரு கடிதம் அடிக்க வேணும்."

"சொல்லுங்க ஐயா. யாருக்குங்க?"

"தெரிவாகாத ஆக்களுக்கு."

அவள் பென்சிலை எடுத்தாள். நான் சொல்லச் சொல்ல எழுதினாள். முடிந்ததும் பெயர்ப் பட்டியலைக் கேட்டாள். நான் பட்டியலைத் தனியே கழற்றிக் கொடுக்காமல் கோவையை அப்படியே கொடுத்துவிட்டேன். கலக்கமா, பழக்கமா என்று தெரியவில்லை. மூன்றரை வருடங்களாக எல்லாக் கோவையையும் அப்படித்தான் கொடுத்திருந்தேன். பட்டியலில் எட்டாவது பெயர் அவளுடையது. அதற்குப் பின்னால் புள்ளித் தாள்.

அவள் அந்தத் தாளையும் புரட்டிப் பார்த்தாள். பிறகு கோவையை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"ஐயா, இது ஏழுங்களா, ஒன்னுங்களா?"

"என்ன?"

"இந்தக் கட்டத்துல. உங்க கையெழுத்து மத்தவங்களுக்கு வெளங்காது பாருங்க. எனக்கு மட்டுந்தான் வெளங்கும். அதான் கேட்டுக்கிட்டேன்."

"ஏழு," என்றேன்.

"சரிங்க."

திரும்பிப் போய் அடிக்கத் தொடங்கினாள். கடிதத்துக்கு ஒரு ஸ்டென்சில், அதற்கு மேல் பதினொரு பெயர், பதினொரு விலாசம். மாலைக்குள் எல்லாவற்றையும் ஒழுங்காக அடுக்கிக் கொண்டுவந்து வைத்தாள். ஒரு பிழையில்லை. சிவப்புப் போத்தல் திறக்கப்படவில்லை. நான் வழமை போல மேலே பார்க்காமல் கீழே கையெழுத்திட்டேன். எட்டாவதாக எது வந்தது என்று எண்ணிக்கொண்டே கையெழுத்திட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எட்டாவது கடிதத்தில் என் கையெழுத்து மற்றவற்றை விடக் கொஞ்சம் தெளிவாக விழுந்தது.

மாத முடிவில் அவள் நின்றுவிட்டாள். கம்பளையில் ஒரு துணிக்கடையில் வேலை என்று பியோன் சொன்னார். கடைசி நாள் என் மேசையில் தன் கைப்பட எழுதிய ஒரு கொப்பியை வைத்தாள். விடுமுறை, இடமாற்றம், விளக்கம் கோரல், தாமதத்துக்கு வருத்தம் என்று ஒரு கந்தோருக்கு வேண்டிய எல்லாக் கடிதமும் அதில் இருந்தன. மேலே சிங்களம், கீழே தமிழ்.

"பரீட்சைக்கு ஒதவுங்க ஐயா. எட்டு மாசம் இருக்குல்ல."

எட்டு மாதம் என்று அவளுக்கு நான் சொன்னதில்லை. அது கருணையா, கன்னத்தில் விழுந்த அறையா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. எதுவாக இருந்தாலும் எனக்குப் பயன்பட்டது. அந்தக் கொப்பியை மனப்பாடம் செய்தேன். நான்காம் முறை தேறினேன். தேறியதும் உயர்வு, அதற்குப் பிறகு இன்னோர் உயர்வு. இப்போது வாவிக்கரை ஹோட்டலில் இருபது நிமிடம் பேச அழைப்பு. கொப்பியைப் பரீட்சை எழுதவிருந்த ஒரு நண்பருக்குக் கொடுத்தேன். அவர் இன்னொருவருக்குக் கொடுத்தார். எனக்குத் தெரிந்து ஐந்தாறு அதிகாரிகள் அதனால் தேறினார்கள். அது யாருடைய கையெழுத்து என்று ஒருவரும் கேட்கவில்லை. கொப்பி திரும்பி வரவுமில்லை.

ஓய்வு பெற்ற பிறகு, ஒரு நாள் துணிந்து அந்தத் தோட்டத்துக்குப் போனேன். கம்பளையில் தேடிப் பார்த்தாகிவிட்டது. அந்தத் துணிக்கடை இருந்த இடத்தில் கைத்தொலைபேசிக் கடை இருந்தது. தோட்டத்தில் கோயிலடியில் இருந்த ஒரு பெரியவரிடம் பாக்கியத்தை விசாரித்தேன்.

"எந்தப் பாக்கியங்க? இங்க நாலு பாக்கியம் இருந்துச்சு. தோட்டத்துல எந்த டிவிசன்?"

தெரியவில்லை.

"அப்பா பேரு?"

அதுவும் தெரியவில்லை.

"என்னங்க நீங்க, ஒன்னா வேல பாத்தேன்னு சொல்லுறீங்க!" என்றார். பாவம், அவர் குற்றம் சொல்லவில்லை. சும்மா ஆச்சரியப்பட்டார்.

பேத்தி நகங்களை ஊதிக்கொண்டே, "என்ன அப்பப்பா, ஓம் எண்டு சொல்லட்டே?" என்று கேட்டாள். வேண்டாம், தொடர்பாடல் எனக்கு வராது என்றேன். "பகிடி விடாதேங்கோ," என்றாள்.

கந்தோர் இருந்த இடத்தில் இப்போது வாகனம் நிறுத்துகிறார்கள். பொறிகளை இரும்புக் கடைக்குக் கொடுத்தார்கள். பழைய கோவைகளை, வைத்திருக்க வேண்டிய காலம் முடிந்ததென்று எரித்தார்கள். அதற்கான அனுமதிக் கடிதத்தை, ஓய்வு பெறுவதற்கு முன், நானே, சொந்தச் சிங்களத்தில், ஒரு பிழையுமில்லாமல் எழுதினேன். எரிந்த கட்டுகளில் ஒன்றில் அந்தப் பதினொரு கடிதங்களின் பிரதிகளும் இருந்தன. எட்டாவது கடிதத்தின் இடது மூலையில், விலாசத்தோடு, தந்தை பெயர், டிவிசன், லயத்து இலக்கம் எல்லாம் அவள் கையாலேயே அடித்திருப்பாள். நான் வாசிக்கவில்லை. கீழே கையெழுத்து மட்டும் போட்டேன்.