பெரிய பெட்டி, சின்னப் பெட்டி

எனக்குச் சங்கீதக் காது உண்டு என்று ஊரில் நாலு பேர் சொன்னார்கள். ஐந்தாவது ஆளாக நானே சொல்லிக்கொண்டு திரிந்தேன். அந்தக் கர்வத்தோடுதான் நான் வீட்டுக்கு ஸ்பீக்கர் வாங்கினேன். அந்தக் கதையை இதுவரை முழுசாக யாரிடமும் சொன்னதில்லை.

எனக்குத் தென்காசியில் குமாஸ்தா வேலை. வீடு குற்றாலத்தில், பேரருவிக்குக் கூப்பிடு தூரத்தில். ஆனி பிறந்து சாரல் விழத் தொடங்கினால் எங்கள் தெருவில் எல்லோரும் செய்வதை நாங்களும் செய்வோம். முன்கட்டைச் சீசனுக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விட்டுவிட்டு, பாய் தலையணையோடு பின்கட்டுக்குள் ஒடுங்கிக்கொள்வோம். அந்த மூன்று மாதமும் அருவி இரைச்சல் வீட்டுக்குள்ளேயே குடியிருக்கும். எதையும் இரண்டு தடவை சொல்ல வேண்டும். "என்னது?" என்று திருப்பிக் கேட்பதை எங்கள் ஊரில் யாரும் ஒரு குறையாக நினைப்பதில்லை.

அறுபதுகளின் தொடக்கத்தில் என் மனைவிக்குக் காசம் வந்தது. வெளியே நெஞ்சுச் சளி என்று சொல்லிவைத்தோம். உண்மை தெரிந்தால் சீசனுக்கு ஒருவர்கூட வீடு கேட்டு வரமாட்டார்கள். தென்காசி டாக்டர் மாதக்கணக்கில் ஊசி போட்டார். போகும்போதெல்லாம் அவளிடம், "காதில் இரைச்சல் ஏதும் இருக்கிறதா?" என்று கேட்பார். குற்றாலத்துக்காரியிடம் கேட்கிற கேள்வியா இது?

"பொறந்ததுல இருந்தே இரையுதே டாக்டர்" என்றாள் அவள். டாக்டர் சிரித்தார். நானும் பஸ் ஏறும்வரை சிரித்துக்கொண்டே வந்தேன்.

நோய் குணமாகிவிட்டது. ஆனால் அவள் பாடுவதை நிறுத்திவிட்டாள். கல்யாணத்துக்கு முன்னால் முறையாகப் பாட்டுக் கற்றவள் அவள். ராகம் தாளமெல்லாம் என்னைவிட அவளுக்குத்தான் தெரியும். அதை ஒப்புக்கொள்ள எனக்கு மனசு வந்ததில்லை. நெஞ்சுக்கு இன்னும் பலம் வரவில்லை, அதனால்தான் பாடவில்லை என்று நானே ஒரு காரணத்தைக் கண்டுபிடித்து நிம்மதியாக இருந்துவிட்டேன்.

மதுரையில் ரேடியோக் கடை வைத்திருந்த ஒருவர் வருஷம் தவறாமல் எங்கள் முன்கட்டுக்குப் பத்து நாள் வந்து தங்குவார். என்னிடம் ரெக்கார்டு பிளேயரும் வால்வு ஆம்ப்ளிபயரும் இருந்தன. ஸ்பீக்கர் மட்டும் ஒரு செத்த ரேடியோவிலிருந்து கழற்றியது. நல்லதாக ஒன்று வேண்டும் என்று அவரிடம் சொல்லியிருந்தேன். அவள் உடம்பு தேறிய மறுவருஷம் காரின் பின்சீட்டில் இரண்டு பெட்டிகளை வைத்துக்கொண்டு வந்து இறங்கினார். ஒன்று பெரியது. இடுப்பு உயரத் தேக்குப் பெட்டி, முகத்தில் பழுப்புத் துணி, உள்ளே பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர். மற்றது சின்னது. அதில் ஒரு சிறிய ஸ்பீக்கரும் அதற்கு மேலே உள்ளங்கை அகலத்தில் ஒரு குட்டிக் குழாயும் இருந்தன. பார்க்க அழகாகவே இல்லை.

"ரெண்டையும் மாத்தி மாத்திப் போட்டுக் கேளுங்க அண்ணாச்சி. வீட்டுலயும் ஒரு வார்த்தை கேட்டுக்கங்க. பகல் பூராம் அவங்கதானே கூட இருக்கப் போறாங்க" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை என் சிநேகிதர்கள் இரண்டு பேர் வந்தார்கள். ஒரே ரெக்கார்டை இரண்டு பெட்டியிலும் போட்டோம். பெரிய பெட்டியில் மிருதங்கம் தரையில் உட்கார்ந்து வாசிப்பதுபோல் இருந்தது. தம்பூரா தேனாக வழிந்தது. சின்னப் பெட்டியில் பாடகியின் குரல் கூர்மையாக வந்து காதைக் குத்தியது. மூன்று பேரும் ஒரே குரலில் பெரியது என்றோம். காப்பி கொண்டுவந்த என் மனைவி டம்ளர்களை வைத்துவிட்டுப் போகாமல் அங்கேயே நின்றாள்.

"சின்னதையே எடுத்துருவோமா? அதுல பாடுதவ வார்த்தை தனித்தனியா வருது. பெரிசுல எல்லாம் ஒண்ணா இரையுது" என்றாள்.

சிநேகிதர்கள் என் முகத்தைப் பார்த்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. "ஏட்டி, டீக்கடை மைக்செட்டுக்கும் சங்கீதத்துக்கும் ஒனக்கு வித்தியாசம் தெரியாதா?" என்றேன். சிநேகிதர்கள் சிரித்தார்கள். அவள் காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அன்று சாயங்காலம் அடுப்படியில் இன்னொரு தடவை சொன்னாள்: "அந்தச் சின்னது இருந்தா எனக்குக் கேக்க நல்லா இருக்கும்." அருவிச் சத்தத்தில் உனக்கு அப்படித் தோன்றுகிறது, சீசன் முடியட்டும், அப்புறம் தெரியும் என்று சொல்லி வாயை அடைத்தேன். நான் சொன்னது எவ்வளவு பெரிய உண்மை என்று எனக்கே அப்போது தெரியாது.

பெரிய பெட்டி வீட்டில் தங்கியது. சின்னதை அவர் மதுரைக்குத் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அதற்கப்புறம் நான் செய்ததுதான் இன்னும் மோசம். அவளுடைய ரசனையை வளர்க்கிறேன் பேர்வழி என்று, மத்தியானத்தில் ஒரு ரெக்கார்டாவது கேட்க வேண்டும் என்று சொல்லிவைத்தேன். சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி வந்ததும், செருப்பைக் கழற்றுமுன்பே, "இன்னைக்கு என்ன கேட்ட?" என்று விசாரணை. எந்தப் பாட்டு, என்ன ராகம் என்று அவள் பிசகாமல் சொல்வாள். பெட்டி நல்ல பெட்டி, அதனால்தான் இவளுக்கும் காது திறந்துவிட்டது என்று ஆபீசில் பெருமை அடித்துக்கொண்டேன்.

கிட்டத்தட்ட இரண்டு வருஷம் இப்படிப் போனது. ஒரு பங்குனி மாதம், அருவி வற்றிப் பாறை வெளியே தெரிந்துகொண்டிருந்த நாள், தலைவலி என்று சொல்லி மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டேன். ஊர் ஓசையில்லாமல் கிடந்தது. கதவு சாத்தாமல் இருந்தது. பெட்டிக்கு முன்னால் அவள் உட்கார்ந்திருந்தாள். பிளேயரில் ரெக்கார்டு சுற்றிக்கொண்டிருந்தது. அவள் அதையே பார்த்தபடி, தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தாள். பெட்டியிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.

முதலில் எனக்கு என்ன தோன்றியது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஸ்பீக்கர் கம்பி கழன்றுவிட்டது, ஆம்ப்ளிபயர் சும்மா ஓடினால் வீணாய்ப் போகுமே என்றுதான் பதறினேன். ஓடிப்போய் ஸ்விட்சை அணைத்தேன். பெட்டியின் பின்னால் கம்பி தரையில் கிடந்தது. காலையில் பெட்டியை நகர்த்திப் பெருக்கியபோது கழன்றிருக்க வேண்டும். கையில் கம்பியோடு நிமிர்ந்தபோது அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தைப் பார்த்த பிறகுதான் விஷயம் எனக்கு உறைத்தது.

"எப்ப இருந்து?" என்றேன். அவள் என் உதட்டைப் பார்த்துப் பதில் சொன்னாள்.

"ஊசி போட்டாகள்லா, அப்ப இருந்து. அருவிச் சத்தம்னு நெனச்சேன். அந்தக் கோடையில அருவி நின்ன பொறவும் எனக்கு நிக்கல. சொன்னா மறுபடி ஆஸ்பத்திரி, மறுபடி நெஞ்சுச் சளின்னு பொய். வேண்டாம்னு விட்டுட்டேன்."

"பாட்டெல்லாம் சரியாச் சொன்னியே?"

"கவர்ல போட்டுருக்குல்லா. மிச்சம் எனக்குத் தெரிஞ்ச பாட்டுதான."

என்னிடமாவது சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். குரலில் கோபம் இருந்தது. கோபப்பட எனக்கு ஒரு யோக்கியதையும் கிடையாது. "சொன்னேனே, சின்னப் பெட்டி வேணும்னு. ரெண்டு தடவை சொன்னேன்" என்றாள்.

மறுநாளே அவளை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அந்த ஊசி சிலருக்குக் காதைக் கெடுத்துவிடும், அப்போதே தெரிந்திருந்தால் நிறுத்தியிருக்கலாம் என்றார். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. மெல்லிய, கூர்மையான சத்தங்கள்தான் முதலில் போகும், பேச்சில் வார்த்தை தனித்தனியாகப் பிரிந்து கேட்பதே அந்தச் சத்தங்களால்தான் என்று பொறுமையாக எனக்கு விளக்கினார். சின்னப் பெட்டி அந்தச் சத்தங்களைத்தான் தூக்கிக் கொடுத்திருக்கிறது. எங்கள் காதைக் குத்திய அந்தக் குரல் அவளுக்கு மட்டும் சரியான அளவில் கேட்டிருக்கிறது.

ஆனியில் மதுரைக்காரர் வந்ததும் சின்னப் பெட்டி எங்கே என்று கேட்டேன். பாவூர்சத்திரத்தில் மார்க்கெட்டை ஒட்டிய ஒரு டீக்கடைக்கு விற்றுவிட்டதாகச் சொன்னார். என் வாயில் வந்த வார்த்தை அப்படியே பலித்திருந்தது. கடைக்காரர் காய்கறி லோடுமேன்களுக்கு அதில் சினிமாப் பாட்டு போட்டுக்கொண்டிருந்தார். என் தேக்குப் பெட்டியைக் கொடுத்து அதை மாற்றிக்கொண்டு வந்தேன். கிறுக்கன் என்று அவர் நினைத்திருப்பார்.

புகையும் எண்ணெய்ப் பிசுக்கும் ஏறிப்போயிருந்த அந்தப் பெட்டியை அவளே துடைத்தாள். அவள் ஆசைப்பட்ட ரெக்கார்டையே போட்டேன். சத்தத்தை எவ்வளவு கூட்டலாமோ அவ்வளவு கூட்டினேன். முன்கட்டில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். குரல் அதே மாதிரி கூர்மையாக வந்தது. ஆனால் இடையில் இரண்டு வருஷம் போயிருந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டு தாளம் போட்டாள். பாட்டு முடிவதற்கு முன்னால் கண்ணைத் திறந்து, "நல்லாக் கேக்குது" என்றாள்.

நான் பெட்டியின் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். கையைப் பின்னால் கொண்டுபோனால் கம்பி. ஒரு நிமிஷம் அதைக் கழற்றிப் பார்த்திருந்தால் அவள் சொன்னது நிஜமா என்று தெரிந்திருக்கும். எனக்குத் தைரியம் வரவில்லை. அன்று சாயங்காலத்திலிருந்து, இன்றைக்கு என்ன கேட்டாய் என்று அவளிடம் விசாரிப்பதையும் விட்டுவிட்டேன்.